கயத்தாறு போய்த் திரும்பிய உப்பு

என் மனைவியின் லாரியிலிருந்து புகை வடிகட்டியை வெட்டி எறிந்துவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அவர்களில் முதல் ஆள் அவளுடைய தம்பி. கடைசி ஆள் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. சென்ற வாரம்கூடத் துறைமுகச் சாலைத் தேநீர்க் கடையில் ஒருவர் மிகுந்த அக்கறையோடு சொன்னார். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: வெட்டமாட்டேன். காரணம் கேட்டவர்களுக்கு நான் காரணம் சொன்னதில்லை. கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்கிறேன்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். லாரி என்னுடைய துறை அல்ல, அவளுடையது. சாத்தான்குளத்தில் அவள் தந்தையின் சொத்து பிரிந்தபோது மகனுக்குச் சரக்குக் கிட்டங்கியும் கடைகளும் வந்தன, மகளுக்கு லாரிகள் வந்தன. அது அநியாயம் என்று உறவினர்கள் அவளுக்காக வருந்தினார்கள். அவள் வருந்தவில்லை. பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, முள்ளக்காட்டு உப்பளங்களிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு உப்பு ஏற்றும் வேலையைப் பிடித்தாள். எங்கள் திருச்சபையின் பெண்கள் ஐக்கியத்தில் அவளுக்கு ‘லாரி அக்கா’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்லத் தொடங்கிய பெயர், நாளடைவில் முகத்துக்கு நேராகவே கூப்பிடும் பெயராயிற்று. பழைய வண்டிகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு, கடைசியில் புதிய புகை விதிகளின்படி வந்த ஒரு பி.எஸ். சிக்ஸ் டாரஸ் லாரி வாங்கினாள். இது அந்த வண்டியைப் பற்றியது.

அந்த வகை வண்டிகளில் எஞ்சினிலிருந்து வரும் புகை நேரே வெளியே போவதில்லை. சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய எஃகு உருளை இருக்கும். அதற்குள் தேன்கூடு போல நுண்ணிய கண்களுள்ள ஒரு பீங்கான் பாளம். ஒரு கண்ணின் முனை திறந்திருந்தால் பக்கத்துக் கண்ணின் முனை அடைத்திருக்கும். ஆகவே புகை இடைச்சுவரை ஊடுருவித்தான் அடுத்த கண்ணுக்குப் போக வேண்டும். போகும்போது கரியைச் சுவரில் விட்டுவிட்டுப் போகும். இப்படிச் சேர்கிற கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். வண்டி நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓடினால், அந்த வெப்பத்தில் ஒரு பகுதி தானாகவே எரியும். மீதியை எரிப்பதற்கு எஞ்சினே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலவழித்து உருளையைப் பழுக்கக் காய்ச்சும். இதை ஓட்டுநர்கள் ரீஜென் என்கிறார்கள். எல்லாம் எரிந்தபின் மிஞ்சுவது சிறிது சாம்பல். அது எரியாது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உருளையைக் கழற்றி, காற்றால் ஊதி எடுக்க வேண்டும்.

எங்கள் குருவானவர் ஒரு நாள் இதையெல்லாம் என்னிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துக்கத்தைப் பற்றிய நல்லதொரு பிரசங்கத்துக்கு இதில் பொருள் இருக்கிறது என்றார். இல்லை என்றேன். இது புகை வடிகட்டி.

இந்த ஏற்பாட்டுக்குப் பகை குறுகிய ஓட்டம். உப்பளத்திலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை ஓடி முடித்துவிட்டு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். கரி சேரும், அதை எரிக்கும் வெப்பம் வராது. கொஞ்ச நாளில் ஓட்டுநருக்கு எதிரே முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு வண்டி இழுக்காது. அதனால்தான் எங்கள் ஊரில் இந்த வேலையில் இருக்கும் வண்டிகள் பலவற்றில் உருளையை அறுத்து, பீங்கானைத் தட்டிக் கொட்டிவிட்டு, மறுபடி பற்றவைத்து, வண்டியின் கம்ப்யூட்டரையும் ஏமாற்றி ஓட்டுகிறார்கள். வண்டியைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. புகையைப் பார்த்தால் தெரியும்.

அவள் அதற்கு உடன்படவில்லை. உப்பளத்தில் சில இடங்களில் இன்னமும் பெண்கள்தான் கூடையில் சுமந்து, சாய்த்து வைத்த பலகையில் ஏறி, வண்டிக்குள் உப்பைக் கொட்டுகிறார்கள். கொட்டக் கொட்ட வண்டியைச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டியிருப்பதால் எஞ்சினை அணைப்பதில்லை. பலகையின் அடி புகைக்குழாய்ப் பக்கம் இருக்கும். மற்ற வண்டிகளில் ஏற்றும்போது அந்தப் பெண்கள் தலைத்துண்டை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு ஏறுவார்கள். புது வண்டி முதல் முறை ஏற்றப் போன நாளில் அவள் உப்பளத்தில் போய் நின்று பார்த்தாள். யாரும் மூக்கை மூடவில்லை. ஏற்றி முடிந்ததும் தன் கைக்குட்டையைப் புகைக்குழாய்க்குள் விட்டுத் துடைத்து எடுத்து, அன்று மாலை என் மேசையில், நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின்மேல் விரித்தாள். அது வெள்ளையாகவே இருந்தது.

“என் வண்டிப் பக்கத்துல நிக்கிறவ மூக்க மூடக் கூடாது,” என்றாள். “அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

அவள் எதையும் இரண்டாம் முறை சொல்பவள் அல்லள்.

வடிகட்டியைக் காக்க அவள் கண்ட வழி எளியது. சனிக்கிழமைதோறும், அன்றைய நடைகள் முடிந்ததும், வண்டியைத் திருநெல்வேலி நான்கு வழிச் சாலையில் ஏற்றி, அங்கிருந்து மதுரைச் சாலையில் கயத்தாறு வரை ஓட்டச் சொல்வாள். தானும் கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்து போவாள். கயத்தாறில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவாள். அவளுடைய தம்பி இதை ஊர்சுற்றல் என்றார். அக்காளுக்கு வயதாக ஆக விளையாட்டு கூடுகிறது என்று என்னிடம் முறையிட்டார். நான் அவளோடு ஒரு முறையும் போகவில்லை. என்னை அவள் அழைக்கவும் இல்லை. அது அவளுடைய வேலை நேரம்; என் வகுப்பறைக்கு அவள் வந்ததில்லை, அவள் வண்டிக்கு நான் போனதில்லை. எங்களுக்குள் அது மனக்குறையாக இருந்ததே கிடையாது.

பிறகு அவள் நோயில் விழுந்தாள். சில மாதங்கள் மருத்துவமனையும் வீடுமாகக் கழிந்தன. அவள் நோய்க்கும் புகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்படி ஒரு தொடர்பை எதிர்பார்த்துக் கண்கலங்கத் தயாராக வந்தவர்களை நான் ஏமாற்ற வேண்டியிருந்தது. படுக்கையில் கிடந்தபோதும் சனிக்கிழமை ஓட்டத்தை அவள் நிறுத்தவில்லை. ஓட்டுநருக்குத் தொலைபேசியில் நினைவூட்டுவாள். அவர் தெரேஸ்புரத்துக் கடற்கரைக்காரர். பரம்பரையில் கடலுக்குப் போகாமல் லாரிக்கு வந்த முதல் ஆள். ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் தனியாகக் கயத்தாறு போய் வந்தார். அவள் அடக்கத்துக்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் யாரும் சொல்லாமலே போய் வந்தார்.

ஆனாலும் அந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, துறைமுக வாசல் வரிசையில், முழு உப்புப் பாரத்தோடு, வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரனையும் ஏச்சையும் ஓட்டுநர் தனியாக வாங்கிக்கொண்டார். எப்படியோ ஓரங்கட்டி, மெல்ல நகர்த்தி, என் மைத்துனரின் கிட்டங்கி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கம்பெனிப் பணிமனையில் கேட்டதற்கு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். உப்பு ஒப்பந்தமோ மைத்துனர் பெயரில் இருந்தது. அது இரண்டு நாள் பொறுக்காது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் வந்துவிட்டிருந்தார். கேஸ் கட்டரும் சிலிண்டரும் வண்டிக்கு அருகில் இறக்கப்பட்டிருந்தன.

“ஒரு மணி நேர வேலை அண்ணாச்சி,” என்றார் என்னைப் பார்த்து. “அறுத்து, தட்டி, ஒட்டிருவேன். ஒட்டுன தடம்கூடத் தெரியாது. நாளைக்குக் காலைல குதிர மாதிரி ஓடும்.”

வேண்டாம் என்றேன். மைத்துனர் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். அவர் கெட்டவர் அல்லர். அக்காளின் நோய்க்காலம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு மீனும் இளநீரும் வந்துகொண்டிருந்தது அவர் புண்ணியத்தால். நான் படித்தவன், தொழில் தெரியாதவன், இப்போது மனம் கலங்கியிருக்கிறேன் என்ற மூன்று காரணங்களால் என்னிடம் அவர் மெதுவாகப் பேசினார். அந்த மெதுவான பேச்சுத்தான் என்னை நிமிரவைத்தது.

“அத்தான், நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதிய. ஊர்ல ஓடுத வண்டி எல்லாம் எப்பிடி ஓடுதோ அப்பிடித்தான் இதுவும் ஓடணும். வாராவாரம் கயத்தாறு போயும் அடைச்சிக்கிட்டுல்லா. இன்னும் என்ன செய்யணும்ங்கிய?”

ஏன் அடைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன்.

“அதத் தெரிஞ்சி என்ன செய்ய? அக்காவே போயிட்டா. இனி யாருக்காவ அத வச்சிக் காப்பாத்தப் போறிய?”

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதை ஒரு கிட்டங்கி வாசலில், மெக்கானிக்கும் சுமைதூக்குகிறவர்களும் கேட்டுக்கொண்டிருக்கையில் எடுத்து வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே வேறொன்று சொன்னேன். வண்டி இப்போது சட்டப்படி என்னுடையது. வடிகட்டியை வெட்ட நான் இசைய மாட்டேன். நாளை மாலைக்குள் இந்த உப்பு, இதே வண்டியில், வடிகட்டியோடு, துறைமுக வாசலைத் தாண்டவில்லை என்றால், வண்டியை விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறேன். வாங்குகிறவர் வெட்டிக்கொள்ளட்டும். அவள் பெயர் எழுதிய வண்டியில் கட்டர் படாது.

மைத்துனர் மெக்கானிக்கைப் போகச் சொல்லிக் கையசைத்தார். “சரி அத்தான்,” என்றார். “ஆனா நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது.”

கதவில் அவள் பெயர் எழுதியிருந்தது உண்மைதான். வண்டிக்குத் தன் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று அவள்தான் எழுதவைத்தாள். ஓட்டுநர் அந்தக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி விற்றால் அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் மெக்கானிக்கின் சிலிண்டரைத் திரும்ப ஆட்டோவில் ஏற்ற ஒரு கை பிடித்தார்.

மறுநாள் காலை நான் ஒரு மாணவனிடம் கேட்பதுபோல அவரிடம் கேட்க முயலவில்லை. எனக்கு அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவருக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் நிலைமை. கிளீனர் சீட்டில், அவள் உட்கார்ந்த இடத்தில், முதன்முறையாக ஏறி உட்கார்ந்தேன். இருக்கை உயரம். எனக்கு முன்னால் முகப்புப் பலகையின் நடுவில், சட்டமிட்ட ஒரு பனிமய மாதா படம் ஒட்டியிருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக் பூமாலை. நாங்கள் சீர்திருத்த சபைக்காரர்கள். எங்கள் வீட்டில் சிலுவையைத் தவிர உருவம் எதுவும் கிடையாது. ஓட்டுநரின் நம்பிக்கை ஓட்டுநரின் உரிமை என்று அவள் அந்தப் படத்தை அனுமதித்திருந்தாள்.

அம்மா கூட வந்தபோது நடந்த ஓட்டத்துக்கும், நீங்கள் தனியாகப் போன ஓட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். அதே சாலை, அதே வேகம், அதே இடத்தில் தேநீர் என்றார். டீசல், எஞ்சின் ஆயில் எதையும் மாற்றவில்லை. நான் வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா வண்டியில் என்ன செய்வார்கள் என்று கடைசியில் கேட்டபோது, அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

“ஒண்ணு உண்டு சார்,” என்றார் துடைத்துக்கொண்டே. “சொல்லலாமா கூடாதான்னு தெரியல.”

சொல்லலாம் என்றேன்.

“டோல்கேட் தாண்டுனதும் அம்மா குனிஞ்சி மாதாவத் தொடுவாவ. ஒரு வாரம் தவறாது. நான் ரோட்டப் பாத்து ஓட்டுதமாரி இருந்துக்கிடுவேன். ஒங்க சபையில அதெல்லாம் செய்ய மாட்டியளே. அம்மா ரகசியமா செய்யதாவ, நாம பாத்தமாரி காட்டிக்கிடக் கூடாதுன்னு இருந்துட்டேன். எங்க வீட்ல மட்டும் சொல்லிருக்கேன். அவ அம்மாவுக்காவ மெழுகுவத்தி கொளுத்தி வச்சா.”

நான் முன்னால் குனிந்தேன். என் மனைவிக்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே உயரம். கை நீட்டினால் எட்டுகிற இடம் மாதாவின் பாதம் அல்ல, அதற்குக் கீழே, சட்டத்தின் விளிம்புக்குப் பின்னால் உள்ள இடம். படத்தின் அடிப்பக்கத்தைச் சிறிது தூக்கினேன். அங்கே ஒரு சுவிட்ச் இருந்தது. அது உள்ளே அமுங்கியிருந்தது. அதன்மேல் மஞ்சளாக ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படம் அதை முழுவதும் மறைத்திருந்தது.

அது ரீஜெனை நிறுத்தி வைக்கும் சுவிட்ச் என்று ஓட்டுநர் சொன்னார்; மீதியை வண்டியின் கையேடு சொன்னது. துறைமுகத்துக்குள் நிலக்கரியும் மரமும் தேங்காய் நாரும் குவிந்து கிடக்கும் இடங்களில் உருளை பழுக்கக் காய்ந்தால் ஆபத்து. ஆகவே வாசலை நெருங்கும்போதே அந்தச் சுவிட்சை அமுக்கிவிடுவது துறைமுக ஓட்டுநர்களின் வழக்கம். யாரும் உத்தரவு போடவில்லை; ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியது. எங்கள் ஓட்டுநர் முன்பு ஓட்டிய வண்டியில் எஞ்சினை அணைத்தால் அந்தச் சுவிட்ச் தானாகவே விடுபட்டுவிடும். இந்த வண்டியில் விடுபடாது, கையால்தான் விடுவிக்க வேண்டும். அவர் அதை அறியவில்லை. ஒவ்வொரு நாளும் வாசலில் படத்துக்குக் கீழே விரலை விட்டு அமுக்கினார். ஏற்கெனவே அமுங்கியிருப்பதை மறுபடி அமுக்கினால் ஒன்றும் ஆகாது. அந்தச் சிறு விளக்கின் வெளிச்சம் இரவில் கண்ணைக் குத்துகிறது என்றுதான் படத்தையே அங்கே ஒட்டியிருந்தார்.

வாரத்துக்கு ஒரு முறை, டோல்கேட் தாண்டியதும், அதை விடுவித்தவள் அவள். அந்தக் கையேட்டை முதல் வாரத்திலேயே படித்து முடித்தவள், ஓட்டுநருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணி, அதைத் தனியே ஒரு செய்தியாகச் சொல்லவில்லை. அவரோ பார்த்ததைப் பார்க்காததாகக் காட்டுவதே மரியாதை என்று இருந்துவிட்டார். அவள் வராத அத்தனை சனிக்கிழமைகளிலும் வண்டி கயத்தாறு போயிற்று. சாலை வெப்பத்தில் கொஞ்சம் எரிந்தது. மீதி எரிய அனுமதி இல்லாமல் அப்படியே தங்கிவிட்டது.

நான் சிரித்தேன் என்று ஓட்டுநர் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மையாக இருக்கலாம்.

அவர் முகம் விழுந்துவிட்டது. தன்னால்தான் வண்டி கெட்டது என்று நினைத்தார். வண்டி இன்னும் கெடவில்லை என்றேன். கெட்டதா இல்லையா என்பது இன்று மாலை தெரியும். பிறகு, உப்பை இறக்காமல் இப்படியே கயத்தாறு போகலாம் என்றேன்.

மைத்துனர் இதைக் கேட்டுக் கிட்டங்கியிலிருந்து வெளியே வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்; ஆனால் அவர் சிரித்தார்.

“உப்புக்குக் கயத்தாறு சுத்திக் காட்டப் போறியளா, அத்தான்?”

சுமைதூக்குகிறவர்களும் சிரித்தார்கள். பாரம் இருந்தால்தான் எஞ்சின் உழைக்கும், உழைத்தால்தான் வெப்பம் ஏறும் என்று விளக்க எனக்கு அவகாசம் இருந்தது. விளக்கவில்லை. ஆமாம், சுற்றிக் காட்டத்தான் போகிறோம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஊர் எல்லை மேம்பாலத்தில் ஏறும்போதே வண்டியின் நிலை தெரிந்தது. முதல் கியரில், நடக்கிற மனிதன் முந்திப்போகும் வேகத்தில் ஏறிற்று. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் என் பக்கக் கதவை ஒட்டி வந்து, “பெருசு, எறங்கித் தள்ளும்,” என்று சொல்லிவிட்டுப் போனான். ஓட்டுநர் ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்தபடி, படகை அலைக்கு மேல் ஏற்றுகிறவரைப் போல உடம்பால் வண்டியை முன்னே தள்ளினார். மேம்பாலம் முடிந்தது. வாகைக்குளம் டோல்கேட் வந்தது. தாண்டினோம்.

அவர் வழக்கம்போலச் சாலையைப் பார்த்தார். நான் குனிந்து, மாதாவின் படத்துக்குக் கீழே கையை விட்டு, சுவிட்சை விடுவித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. முகப்பில் எரிந்த விளக்கு அப்படியே எரிந்தது. இருபுறமும் உடைமரங்களும் காற்றாலைகளும் வந்து போயின. நான் என் வாழ்நாளில் எத்தனையோ வேதிவினைகளுக்காகக் காத்திருந்திருக்கிறேன். அவற்றில் எது தோற்றாலும் யாருக்கும் எதுவும் போய்விடாது. திருநெல்வேலி புறவழிச் சாலையில் ஏறியபோதும் மாற்றமில்லை. கரி அளவு கடந்து சேர்ந்துவிட்டால் எரிக்கும் வேலையை வண்டியின் கம்ப்யூட்டர் தொடங்கவே தொடங்காது என்று படித்திருந்தேன். அந்த எல்லையைத் தாண்டிவிட்டோமா என்று எனக்குத் தெரியவில்லை. 

கங்கைகொண்டானுக்குச் சற்று முன்னால் எஞ்சினின் ஒலி மாறிற்று. அதுவரை இருமிக்கொண்டிருந்தது, ஒரு கனத்த, சீரான முழக்கமாயிற்று. முகப்பில் இன்னொரு விளக்கு தோன்றியது: புகைப்பாதை சூடாக இருக்கிறது என்னும் எச்சரிக்கை. எரியத் தொடங்கிவிட்டது. என்ன ஆனாலும் நிறுத்த வேண்டாம், வேகத்தையும் குறைக்க வேண்டாம் என்றேன். “நிறுத்த மாட்டேன் சார்,” என்றார். “மாட்டு வண்டி குறுக்க வந்தாலும் மாதா பாத்துக்கிடுவா.” மாட்டு வண்டி எதுவும் வரவில்லை.

கயத்தாறு வந்தபோதும் இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. தேநீர்க் கடைக்காரர் வண்டியை அடையாளம் கண்டு கையை உயர்த்தினார். நாங்கள் நிற்காமல் போனதைப் பார்த்து அந்தக் கை அந்தரத்திலேயே நின்றது. அந்த ஊரில் வளைந்துகொடுக்க மறுத்த ஒருவனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கோவில்பட்டி நோக்கி ஓடினோம். வண்டி இழுக்கத் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் ஒரு கியர் கூட்டினார், இன்னொன்று கூட்டினார். கரிசல் காடு இரண்டு பக்கமும் விரிந்த ஒரு நேர்ச்சாலையில் வடிகட்டி விளக்கு முதலில் அணைந்தது. கொஞ்ச தூரம் போனபின் மற்றதும் அணைந்தது.

அவர் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஒரு காலத்தில் என் மனைவிக்குச் செய்த மரியாதையை எனக்கும் செய்தார்: பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் கயத்தாறில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கடைக்காரர் கேட்டார். ஓட்டுநர் தரையைப் பார்த்தார். இறந்துவிட்டாள் என்று நான் சொன்னேன். அந்தச் சொல்லை நான் சுற்றி வளைக்காமல் ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் முறை. கடைக்காரர் கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, அம்மா எப்போதும் சீனி கம்மியாகத்தான் கேட்பார்கள் என்றார். எனக்கு அது தெரியாத செய்தி. வீட்டில் அவள் சர்க்கரை போடுவதே இல்லை.

மாலை வெயில் இருக்கும்போதே துறைமுகச் சாலைக்கு வந்துவிட்டோம். வரிசை நீளமாக இருந்தது. மைத்துனர் தன் மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிறுத்திவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வரிசையோடு வரிசையாக நின்றும் நகர்ந்தும் வாசலை அடைந்தோம். ஓட்டுநர் படத்துக்குக் கீழே விரலை விட்டுச் சுவிட்சை அமுக்கினார். இந்த முறை அது உண்மையாகவே அமுங்கிற்று. வண்டி தன் சொந்த இழுப்பில், உப்போடும் வடிகட்டியோடும், வாசலைத் தாண்டிற்று.

இறக்கிவிட்டு வெளியே வந்தபோது மைத்துனர் புகைக்குழாய்ப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விரலை விட்டு எடுத்து, விரலைப் பார்த்து, வேட்டியில் துடைத்தார். வேட்டியில் கறை படவில்லை.

“இப்பக் குடுத்தா நல்ல வண்டின்னு வாங்குவான், அத்தான்,” என்றார். தோற்றுவிட்டேன் என்பதை அவர் குடும்பத்தில் இப்படித்தான் சொல்வார்கள். கொடுக்கப்போவதில்லை என்றேன்.  பிறகு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார்.

ஓட்டுநருக்கு இப்போது அந்தச் சுவிட்ச் அத்துபடி. அவரே விடுவித்துக்கொள்ளலாம், நான் போக வேண்டிய தேவை இல்லை. ஆயினும் சனிக்கிழமைதோறும் நானே போய் விடுவிக்கிறேன். மாதா படத்தை வேறு இடத்துக்கு மாற்றுகிறேன் என்று அவர் சொன்னார். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். சாம்பல் எடுக்க வேண்டிய காலம் அடுத்த ஆண்டு வரும். ஊரில் எல்லோரும் செய்வதுபோல உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைப் பீய்ச்சி அலசிக் கெடுக்காமல், காற்றால் ஊதி எடுக்கிற ஓர் இடத்தை மதுரையில் விசாரித்து வைத்திருக்கிறேன். உப்பளத்தில் பலகை ஏறுகிற பெண்களில் ஒருத்தி, எங்கள் வண்டி வந்தால் தலைத்துண்டை மூக்கிலிருந்து கழுத்துக்கு இறக்கிக்கொள்கிறாள். அவளுக்கு வடிகட்டியைப் பற்றித் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஓட்டுநரின் வீட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து எங்கள் சபைக்கும் செய்தி பரவ அதிக நாள் ஆகவில்லை. சென்ற மாதம், சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னோடு ஒன்றாகப் படித்தவர். காப்பி குடித்தார். என் தனிமையைப் பற்றி, மகள் இருக்கும் ஊருக்குப் போய்விடுவதன் நன்மைகளைப் பற்றிப் பேசினார். துக்கத்தில் மனிதருக்கு மனம் எங்கெங்கோ சாயும், அது இயல்புதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“லாரியில போகும்போது மாதா படத்தைத் தொடுறீங்கன்னு பேச்சு இருக்கு. நான் நம்பல. நீங்க ஒரு வார்த்தை இல்லன்னு சொல்லிட்டா நான் போய்ச் சொல்லிருவேன்.”

“உண்மைதான்,” என்றேன். “சனிக்கிழமைதோறும். டோல்கேட் தாண்டியதும்.”

அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காரணம் கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.